பிளக் பாயின்ட் மறுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதன் புறநகரிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கங்களின் தலைவர், செயலர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தென்சென்னைப் புறநகரில் 60 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் 2014 முதல் வசித்து வருகிறேன். 2023-இன் கடைசியில் மின்கார் வாங்க முன்பணம் கட்டிய அதே வாரத்தில், எனக்கு ஒதுக்கப்பட்ட பார்க்கிங் இடத்துத் தூணில் காருக்கு சார்ஜ் போட 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்று பொருத்திக்கொள்ள அனுமதி கேட்டு எங்கள் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன். கார் ஆறு வாரத்தில் வந்துவிட்டது. அனுமதி வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் எங்கள் செயற்குழு எழுப்பிய அதே கேள்விகளை வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போரூரிலும் உள்ள நண்பர்கள் தங்கள் சங்கங்களிடமிருந்து எதிர்கொண்டதைக் கேட்ட பிறகுதான், இந்த மடலை என் குடியிருப்புக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுவது என்று முடிவு செய்தேன். செயற்குழு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காமல் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பழுதுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே குறை கூறுவதைச் சுருக்கிக்கொண்டு, வேலைக்கு உதவும் செய்திகளையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் மறுப்பது எவ்வளவு மின்சாரத்தை என்பதைப் பார்த்துவிடலாம். மின்காருடன் நிறுவனம் கொடுக்கும் கையடக்க சார்ஜர், சாதாரண 15 அல்லது 16 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து அதிகபட்சம் 3.3 கிலோவாட் இழுக்கும். குளியலறையில் உடனடியாகச் சுடுநீர் தரும் சிறிய கீசர் 3 கிலோவாட் இழுக்கிறது. கீசர் மாட்ட எந்தச் சங்கமும் தடையில்லாச் சான்று கேட்டதில்லை. வேறுபாடு நேரத்தில்தான் இருக்கிறது. கீசர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், கார் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பழைய சுவிட்ச் பாக்ஸிலிருந்து கிளை எடுத்த மெல்லிய கம்பி இந்த வேலைக்கு உதவாது. தனிக் கம்பி வேண்டும், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணைந்துவிடும் தனி எம்சிபி சுவிட்ச் வேண்டும், நல்ல எர்த் வேண்டும். இந்த மூன்றையும் வலியுறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் என் கடிதத்துக்கு வந்த முதல் பதிலில் இந்த மூன்றைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. "பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அனுமதிக்க இயலாது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

அந்த வரி எதைப் பாதுகாத்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் எனக்கு முன்பே மின்கார் வாங்கியிருந்த முதல் தளத்துக்காரர் ஒருவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது. அவர் இரவு பதினொன்றுக்கு மேல், காவலாளி பின்பக்கம் சுற்றுக்குப் போகும் நேரம் பார்த்து, பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் கம்பியைக் கீழே இறக்கிக் காரில் மாட்டுவார். முழு நீளமும் தேவைப்படாததால் மிச்சக் கம்பி உருளையிலேயே சுற்றியபடி கிடக்கும். சுற்றிக் கிடக்கும் கம்பியில் மணிக்கணக்கில் 14 ஆம்பியர் ஓடினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஒரு ஏப்ரல் இரவு, பிளாஸ்டிக் கருகும் வாசனை பிடித்துக் காவலாளி கத்தியபோது இறங்கிப் போய்ப் பார்த்தேன். உருளையின் உட்சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. பிளக்கின் ஒரு கால் பழுப்பேறியிருந்தது. இரண்டடி தள்ளி, ஜெனரேட்டருக்காகச் சங்கமே வாங்கி வைத்திருந்த டீசல் கேன்கள் இருந்தன. நல்லவேளையாக அந்த முதல் தளத்துக்காரர் உடனே சுவிட்சை அணைத்துவிட்டதால் அத்துடன் போயிற்று.

மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்கென்று 2019-இல் மத்திய மின்சார ஆணையம் தன் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் ஒரு தனிப் பகுதியைச் சேர்த்தது. எக்ஸ்டென்ஷன் கம்பி பயன்படுத்தக் கூடாது, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் மின் பலகையிலிருந்து தனிச் சுற்று வர வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும், சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், நிறுத்திய வண்டியின் இணைப்பு வாய் பாயின்ட்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக உள்ளது. பொது நிலையங்களுக்கு எழுதப்பட்ட விதி வீட்டுப் பார்க்கிங்குக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதே என் பதில். நீங்கள் அனுமதி மறுக்கும்போது சார்ஜ் போடுவது நின்றுவிடுவதில்லை. இந்த விதி எதையெல்லாம் தடுக்கிறதோ அந்த வழியில் அது நடக்கிறது, அவ்வளவுதான்.

"வெளியே இவ்வளவு சார்ஜிங் நிலையங்கள் வந்துவிட்டனவே, அங்கே போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்று எங்கள் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த எட்டு மாதமும் நான் அதைத்தான் செய்தேன். வெளியில் இருப்பவை இரண்டு வகை. ஏசி (மாறுதிசை மின்னோட்ட) நிலையம் கொடுக்கும் மின்சாரத்தைக் காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் டிசியாக (நேர்திசை மின்னோட்டமாக) மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆகவே நிலையத்தில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், காரின் உள் சார்ஜர் 7.2 கிலோவாட்டுக்கு உரியதென்றால் 7.2-தான் ஏறும். டிசி நிலையம் மாற்றும் வேலையைத் தானே செய்துவிட்டு நேராக பேட்டரிக்கு அனுப்புவதால் 30, 60, 120 கிலோவாட் என்று வேகம் கூடுகிறது. என் காரின் பேட்டரி 40.5 யூனிட் கொள்ளும். 10 சதவீதத்திலிருந்து நிரப்ப 16 ஆம்பியர் பாயின்ட்டில் ஏறக்குறைய 15 மணி நேரமும், 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டியில் (சுவரில் பொருத்தும் சார்ஜர்) சுமார் 6 மணி நேரமும் ஆகும். டிசி-யில் 80 சதவீதம் வரை ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். அதற்கு மேல் பேட்டரியைக் காக்கக் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80-ஐத் தாண்டிய பிறகும் சார்ஜிங் கம்பியின் முனையைக் கழற்றாமல் பின்னால் நிற்பவரைக் காக்க வைப்பவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அது வேறு கதை.

திருச்சி, பெங்களூரு நெடுஞ்சாலைகளில் டிசி நிலையங்கள் இல்லாவிட்டால் மின்காரை ஊருக்கு எடுத்துப் போகவே முடியாது. ஆனால் அன்றாடச் சோற்றுக்கு ஓட்டலை நம்ப முடியாததைப் போல, அன்றாட ஓட்டத்துக்கு அவற்றை நம்ப முடியாது. நான் கொடுத்த விலை, சேவைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து, யூனிட்டுக்கு 20 ரூபாய்க்குக் குறைந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலியிலும் ஒரு பணப்பை. ஒருமுறை மேல்மருவத்தூர் தாண்டி இரவு பத்தரை மணிக்கு 11 சதவீதத்துடன் ஒரு நிலையத்தில் போய் நின்றேன். செயலியில் பச்சையாகக் காட்டிய அந்த எந்திரத்தின் திரை அணைந்து கிடந்தது. உதவி எண்ணில் பேசியவர் "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் சார்" என்றார். எந்திரத்தைப் பூட்டியிருந்த கூண்டின் சாவி பக்கத்துக் கடைக்காரரிடம் இருந்தது, அவர் ஒன்பதரைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த தாயாரை எழுப்பாமல், ஏசியை அணைத்து, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த நிலையம் வரை உருட்டிக்கொண்டு போனேன். நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரிலேயே வழிகாட்டி வெளியிட்டது. எண்ணிக்கை கூடியிருக்கிறது, நிறுவப்பட்டவற்றைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் கூடவில்லை.

இனி நம் தரைத்தளத்துக்கு வருகிறேன். வழிகள் மூன்று இருக்கின்றன. எந்தக் குடியிருப்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மீட்டர் பலகையின் முன் வயர்மேனுடன் பத்து நிமிடம் நின்றாலே சொல்லிவிடலாம்.

என் முதல் பரிந்துரை, அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே அவரவர் பார்க்கிங்குக்குத் தனிக் கம்பி இழுப்பது. நம் ஊரில் பெரும்பாலான ஸ்டில்ட் கட்டடங்களில் (தூண்கள்மேல் எழுப்பி, தரைத்தளத்தைப் பார்க்கிங்குக்கு விட்டவை) எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்தில் படிக்கட்டருகே ஒரே பலகையில் இருப்பதால், மூன்றாம் மாடி வீட்டுக்காரருக்கும் தூரம் சில மீட்டர்தான். மின்வாரிய முத்திரை உள்ள பகுதியைத் தொடாமல், மீட்டருக்குப் பின்னால் உள்ள உரிமையாளரின் மெயின் சுவிட்சிலிருந்து கிளை எடுக்க வேண்டும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி, ஆர்சிசிபி, கூரையை ஒட்டிய பிவிசி குழாய், தூணில் மூடியும் பூட்டும் உள்ள பெட்டி: இவ்வளவுதான் வேலை. கிளையை ஜெனரேட்டர் மாற்று சுவிட்சுக்கு முன்பே எடுத்துவிட்டால், மின்தடையின்போது உங்கள் டீசலில் யாருடைய காரும் ஏறாது. கணக்குத் தொல்லையும் இல்லை. மாதம் 1,100 கிலோமீட்டர் ஓடும் என் காருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 165 யூனிட் ஆகிறது. இரண்டு மாதப் பட்டியலில் 330 யூனிட் கூடி, வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுவதால் வீதமும் மேலே போகிறது. அது என் கவலை. சங்கத்தின் மெயின்டெனன்ஸ் கணக்கில் அதனால் ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. ஒப்புக்கொண்ட மின்பளுவைத் தாண்டும் நிலை இருந்தால் மின் பகிர்மானக் கழகத்திடம் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்வதும் என் பொறுப்பே.

இரண்டாவது வழி, பொது மின் இணைப்பிலிருந்து ஒன்றிரண்டு பாயின்ட்டுகளை வைத்துத் துணை மீட்டர் போட்டுப் பணம் வசூலிப்பது. மீட்டர் பலகை தொலைவில் உள்ள பல பிளாக் குடியிருப்புகளுக்கும், சொந்தப் பார்க்கிங் இல்லாத வாடகைதாரர்களுக்கும் இது வேண்டியிருக்கும். "உறுப்பினருக்கு மின்சாரம் விற்றால் சட்டச் சிக்கல் வராதா?" என்ற தயக்கம் எங்கள் குழுவில் இரண்டு மாதத்தை விழுங்கியது. வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றித் தருவது மின்விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கிவிட்டது. துணை மீட்டர் காட்டும் அளவையும் வசூலையும் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பொதுக்குழுவில் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவது, மின்வாகனத்துக்கென்றே தனி மின் இணைப்பு. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, நுகர்வோர் கேட்டால் மின்வாகனம் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு தரப்பட வேண்டும். அதே திருத்தம் பெருநகரப் பகுதிகளில் புதிய இணைப்புக்கான காலவரம்பை 3 நாட்களாகக் குறைத்தது. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு போகவும் சங்கத்தின் ஒரு கடிதம் தேவைப்படலாம். ஆகவே எந்த வழியில் போனாலும் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

"ஒருவருக்குக் கொடுத்தால் நாளை அறுபது பேர் கேட்பார்கள், டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது" என்பது நான் அதிகம் கேட்ட ஆட்சேபணை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது கார்களும் ஒரே நொடியில் 3.3 கிலோவாட் இழுத்தால் 198 கிலோவாட் ஆகும், மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்குத் தேவை 6 யூனிட், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அறுபது காருக்கும் சேர்த்து 360 யூனிட்டை இரவு ஒன்பது மணி நேரத்துக்குள் பரப்பினால் 40 கிலோவாட்தான் வருகிறது. பெரும்பாலான கார்களில் நேரம் குறித்து ஏற்றும் வசதி இருக்கிறது. ஒற்றைப்படை எண் வீடுகள் பத்தரைக்கு, இரட்டைப்படை எண் வீடுகள் இரண்டு மணிக்கு என்று ஒரு ஒழுங்கு செய்தாலே போதும். இதே காரணத்தால், ஆளுக்கொரு 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டி என்ற ஆசையை நான் ஆதரிக்கவில்லை. அறுபது பேரும் அதைப் பொருத்தினால் 432 கிலோவாட். அப்போது உங்கள் அச்சம் நியாயமாகிவிடும். எல்லோருக்கும் 16 ஆம்பியர், அவசரத்துக்கு வாயிலருகே பொதுவாக ஒன்றிரண்டு 7.2 என்பதே நம் கட்டடங்களுக்கு ஏற்றது. காரை விற்ற நிறுவனத்தின் ஆட்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தீயைப் பற்றிய அச்சத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டின் தொடர் விபத்துகளுக்குப் பிறகே ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் முதல் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் விற்கும் பல மின்கார்களில் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வெப்பத்தை ஒப்பீட்டளவில் நன்றாகத் தாங்கும் வகைதான். என்றாலும் லித்தியம் பேட்டரி எரியத் தொடங்கினால் அணைப்பது கடினம், ஏராளமான தண்ணீர் வேண்டும். எனவே பாயின்ட்டுகளைப் படிக்கட்டு வாயிலுக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் வைக்காமல் காற்றோட்டமுள்ள வெளி வரிசைக்கு மாற்றித் தருமாறு நீங்கள் நிபந்தனை விதித்தால், இடம் மாற்றிக்கொள்ள உரிமையாளர்கள் மறுக்கக் கூடாது. ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய் ஹாலில் சோபா அருகே வைத்து ஏற்றுபவர்களுக்கும் கீழேயே பாயின்ட் கொடுங்கள். தரைத்தளத்தில் இடம் மறுக்கப்படுவதால்தான் அந்தப் பேட்டரி லிஃப்டில் ஏறிப் படுக்கையறை வரை போகிறது.

வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல். சாக்கெட் 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்கிறது விதி. எங்கள் பார்க்கிங்கின் ஏழாவது தூணில் 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை விட்டுச் சென்ற சேற்றுக்கோடு இன்னும் தெரிகிறது. நாடா வைத்து அளந்தேன், தரையிலிருந்து 1,050 மில்லிமீட்டர். 2015-இன் கோடு அதற்கும் மேலே இருந்தது, பிறகு வெள்ளையடித்துவிட்டார்கள். நம் ஊர்த் தாழ்வான பகுதிகளில் பெட்டியை ஐந்தடி உயரத்தில் வைக்க வேண்டும் என்றும், மழை எச்சரிக்கை வந்தவுடன் எல்லாச் சார்ஜிங் கிளைகளையும் ஒரே கைப்பிடியில் துண்டிக்க ஒரு சுவிட்சைக் காவலாளி அறையில் வைக்க வேண்டும் என்றும் எந்த அரசாணையும் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தீர்மானம் போடலாம்.

எட்டாவது மாதத்தில் எங்கள் சங்கம் அனுமதித்ததற்கு என் வாதத் திறமை காரணமல்ல. அந்த உருகிய உருளையைப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். இப்போது எங்கள் தரைத்தளத்தில் ஒன்பது பாயின்ட்டுகள் இருக்கின்றன. விண்ணப்பம் ஒரே பக்கம். கம்பியின் அளவு, எம்சிபி, ஆர்சிசிபி விவரம், உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் எர்த் சோதனை அளவு, பெட்டியின் உயரம், ஆண்டுக்கொருமுறை இணைப்புகளை இறுக்கிப் பார்ப்பதாக உரிமையாளரின் உறுதிமொழி ஆகியவை அதில் இருக்கும். விண்ணப்பம் வந்த பதினைந்து நாளுக்குள் செயற்குழு பதில் தர வேண்டும். மறுத்தால் எந்த அம்சம் குறைகிறது என்று எழுதித் தர வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஏற்றினால் 2,000 ரூபாய் அபராதம் என்பதையும் நாங்களே கேட்டுச் சேர்த்துக்கொண்டோம்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதே போன்ற ஒரு பக்க விண்ணப்பத்தையும் பதினைந்து நாள் வரம்பையும் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் குழாய் பதிக்கும் வேலையை முடித்துவிட்டால் நல்லது, ஏனெனில் ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ஊரில் வயர்மேன் கிடைப்பது அரிது.

இப்படிக்கு,
தென்சென்னைப் புறநகர்க் குடியிருப்பாளர் ஒருவர்